மலிவு ஓபிடி ஸ்கேனர்: எரர் கோடு காட்டவில்லை, சூடு காட்டியது

காரின் டாஷ்போர்டுக்குக் கீழே செருகி, இன்ஜின் விவரங்களைப் போனில் பார்க்க உதவும் ஓபிடி ஸ்கேனர் வாங்கலாமா என்று தர்மபுரி நண்பர் கேட்டார். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎல்எம் 327 ப்ளூடூத் வகைதான் என்னிடமும் இருக்கிறது. முதலில் திட்டிவிடுகிறேன்.

போனில் அழைப்பு வந்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். செயலியை மூடி, ப்ளூடூத்தை அணைத்துப் போட்டு, மறுபடி இணைப்புக்கான பின் எண் 1234 அடித்து... கிளட்சை மிதிக்கும்போது முட்டியில் வேறு இடிக்கும். கழற்ற மறந்தால் பேட்டரியைத் தின்னும்.

சரி, அப்புறம் ஏன் வைத்திருக்கிறேன்? என் 2018 வேகன்ஆர் புகைப் பரிசோதனையில் தேறவில்லை. பிஎஸ்-4 மாசு விதிப்படி வந்த பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் வண்டி தாண்டியது. பிளக் முனையெல்லாம் கரி, சைலன்சரில் பெட்ரோல் வாடை, மைலேஜும் அடி. கிருஷ்ணகிரியில் காட்டிய இடத்தில், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். ஸ்கேனரில் எரர் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், எதுவும் இல்லை.

கோடு பார்க்கத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். கொடுத்த காசு எனக்கு லைவ் டேட்டாவில்தான் (வண்டி ஓடும்போதே சென்சார்கள் காட்டும் அளவுகள்) திரும்பி வந்தது. காவேரிப்பட்டணம் தாண்டிப் போகும்போது மனைவி போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தார்: கூலன்ட் சூடு 62, 60, 59 டிகிரி. எண்பதுக்கு மேல் இருக்க வேண்டியது! நின்றால் ஏறுகிறது, வேகமெடுத்தால் இறங்குகிறது. கீழே இன்னொரு வரி: ஓப்பன் லூப், இன்ஜின் சூடு போதவில்லை. அதாவது ஆக்சிஜன் சென்சார் சொல்வதை ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) காதிலேயே வாங்கவில்லை. இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டிருந்தது.

டெம்பரேச்சர் சென்சார் பொய் சொல்கிறதோ என்றும் பார்த்தேன். இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டர் வெதுவெதுப்பானது. இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது மூடியிருந்தால் அவ்வளவு சீக்கிரம் வெந்நீர் அங்கே போகாது. திறந்து பார்த்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! முன்பு கூலன்ட் கசிவுக்கு விட்டிருந்த மெக்கானிக்கிடம் கேட்டால், "நம்ம ஊரு வெயிலுக்கு அந்த வால்வு எதுக்குண்ணே? கழட்டிட்டேன், வண்டி கூலா ஓடும்" என்கிறார். கூலாகத்தான் ஓடியது.

புது தெர்மோஸ்டாட், பிளக் போட்டதும் சான்றிதழ் கிடைத்தது. ஆக்சிஜன் சென்சார் பழையதுதான்.

இதை எழுதுமுன் ஒருமுறை பார்க்கலாமே என்று காரில் செருகினேன். இணையவே மாட்டேன் என்கிறது. ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். வண்டியில் சந்தேகம் இருந்தால் வந்து என்னுடையதை எடுத்துப் போங்கள். திருப்பித் தரவும் வேண்டாம்.