டாப் வேரியண்ட்டா, ஒரு படி கீழேயா: அம்பையில் மூன்று வருட ஓட்டம்

2022 ஆவணியில் நானும் என் மச்சானும் ஒரே மாடல் லக்சரி எஸ்யூவியை ஒரு வார இடைவெளியில் எடுத்தோம். என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஒன்றுதான். வசதிகளை வைத்துப் பிரிக்கும் ரகத்தைத்தான் வேரியண்ட் என்கிறார்கள்; நான் டாப் வேரியண்ட், அவர் அதற்கு ஒரு படி கீழே. விலையில் வித்தியாசம் எட்டு லட்சத்துச் சொச்சம். எனக்கு அம்பாசமுத்திரத்தில் அரிசி மில், அவருக்குப் பாளையங்கோட்டையில் வீடு. இரண்டு வண்டியும் ஒரே வெயில், ஒரே ரோடுதான் பார்த்திருக்கின்றன. என்னுடையது 71,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கம்பெனி பேரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். சொன்னால் பேச்சு அதிலேயே நின்றுவிடும்.

வேரியண்ட் பேர்கள் ஆளை மயக்கும். ஆடியில் (மாதம் இல்லை, கார்) பிரீமியம் பிளஸ், டெக்னாலஜி. பிஎம்டபிள்யூவில் எம் ஸ்போர்ட். வால்வோவில் முன்பு மொமெண்டம், இன்ஸ்கிரிப்ஷன். லேண்ட் ரோவரில் எஸ், எஸ்இ, எச்எஸ்இ. 'ஸ்போர்ட்' என்று பேர் வைத்தால் என்ஜினுக்குப் பலம் கூடும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் மாறுவது பம்பர், வீல், ஸ்டியரிங், சீட்டுத் தையல் இவைதான்.

எட்டு லட்சத்துக்கு எனக்குக் கிடைத்ததில் முதல் மரியாதை காற்று வரும் சீட்டுக்கு. சித்திரை வெயிலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள், தெரியும். ஏசி வண்டிக்குள் இருக்கும் காற்றைக் குளிர வைப்பதற்குள் முதுகும் சட்டையும் ஒட்டிக்கொள்ளும். சீட்டுக்குள் இருக்கும் சின்ன ஃபேன் தோலில் உள்ள துளை வழியாக அந்த வேர்வையை இரண்டு நிமிடத்தில் காய வைத்துவிடுகிறது. மச்சானுக்கு இது கிடையாது. அவருடைய சீட்டில் சூடு பண்ணும் வசதி இருக்கிறது! நம் ஊரில் அது எதற்கு? மூன்று வருடத்தில் ஒரே ஒரு நாள், அத்தைக்கு இடுப்பு வலி வந்தபோது அந்தப் பொத்தானை அழுத்தினாராம்.

ஆனால் அதே டாப் வேரியண்ட் ஒரு கண்ணாடிக் கூரையையும் தலையில் கட்டிவிட்டது. உள்ளே இழுத்து மூடும் திரை மெல்லிய துணி. பகல் பன்னிரண்டு மணிக்கு அது வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது, சூட்டை இல்லை. குற்றாலச் சாரலில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மறுக்கவில்லை. மற்றப் பத்து மாதமும் பின் சீட்டிலிருந்து அம்மாவின் குரல்தான்: "ஏல, மண்டை காயுதுல, அதை மூடித் தொலை." மூடித்தான் இருக்கிறது, அம்மா. கறுப்பு ஃபிலிம் ஒட்டிச் சமாளிக்கலாம் என்றால் 2012இல் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டதைச் சொல்லி நிறுத்துகிறார்கள். ஆகவே பின் கதவுக் கண்ணாடிக்குக் கம்பெனியே தரும் இழுப்புத் திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். பின்னால் ஆட்களை வைத்து ஓட்டுகிறவருக்குக் கண்ணாடிக் கூரையை விட அது பெரிய விஷயம்.

சீட்டு நிறம்: க்ரீம் கலர் என் வேரியண்ட்டில் மட்டும். அல்வாப் பொட்டலத்திலிருந்து இறங்கிய நெய்க்கறை இன்னும் போகவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பின் பம்பருக்கு அடியில் காலை ஆட்டினால் டிக்கி திறக்கும் வசதி இன்னொன்று. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டிரைவர் அண்ணாச்சி ஹோஸ் வைத்துக் கழுவினால், தண்ணீர் பட்டே டிக்கி தானாகத் திறந்துகொள்கிறது. இப்போது சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் கழுவுகிறார்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் வண்டி உயரும். மாஞ்சோலைப் பாதையின் கல்லும் குழியும் அடியில் இடிக்காமல் போகலாம். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மூழ்கிய மழையில் அந்தப் பொத்தான் எனக்கும் ஒரு குருட்டுத் தைரியத்தைக் கொடுத்தது. முன்னால் போன வேன் மிதக்க ஆரம்பித்ததும் ரிவர்ஸ் எடுத்து வந்துவிட்டேன். கையேட்டில் போட்டிருக்கும் தண்ணீர் ஆழம் நிற்கிற தண்ணீருக்குத்தான், ஓடுகிற தண்ணீருக்கு இல்லை. மச்சான் வண்டியில் சாதாரண ஸ்பிரிங். அவர் அன்றைக்கு வீட்டை விட்டே இறங்கவில்லை.

சரி, வீலுக்கு வருவோம். என்னுடையது 20 இஞ்ச், டயர் 255/45. அவருடையது 18 இஞ்ச், 235/60. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. கணக்குப் போட்டால் என் டயரின் பக்கச் சுவர் உயரம் 115 மில்லிமீட்டர், அவருடையது 141. அந்த ஒரு இஞ்ச் ரப்பர்தான் குழியில் அடி வாங்கிக்கொள்வது. தென்காசி ரோட்டில் அகலப்படுத்தும் வேலை நடந்தபோது இரண்டு டயர் பக்கவாட்டில் வீங்கிப் போயின, ஒரு ரிம் வளைந்தது. அந்த அளவு டயர் நான் கேட்ட கடைகளில் இல்லை; சொல்லி வைத்து இரண்டு நாள் காத்திருந்தேன். மச்சானுக்குப் பஞ்சரைத் தவிர எதுவும் இல்லை. கடைசியில் நானும் 18க்கே மாற்றினேன். இரண்டு டயரின் மொத்த விட்டமும் ஏறக்குறைய 738 மில்லிமீட்டர் என்பதால் ஸ்பீடோமீட்டர் காட்டுவது மாறவில்லை. சின்ன வீலுக்குள் பிரேக் இடிக்காதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். வண்டி இப்போதுதான் கொடுத்த காசுக்கு ஓடுகிறது.

காசு என்றதும் இன்னொன்று. ஃபேக்டரியில் போட்டு வரும் ஆப்ஷன் எல்லாம் ஷோரூம் விலையில் சேர்ந்து, அதன் மேல் ரோடு டாக்ஸும் ஏறும். நாங்கள் எடுத்தபோது 15 சதவீதம்; 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20. கேமரா, மேட், சப்தம் கூட்டும் ஸ்பீக்கர் எல்லாம் அப்புறம் வெளியே போட்டுக்கொள்ளலாம். காற்று வரும் சீட்டும், வண்டியைச் சுற்றிலும் காட்டும் 360 டிகிரி கேமராவின் மென்பொருளும் அப்படி ஒட்ட வைக்கிற சாமான் இல்லை. ரத வீதிகளுக்குள் இந்த அகலத்தில் ஒரு வண்டியைத் திருப்பியவருக்கு அந்தக் கேமராவின் அருமை புரியும்.

போன மாதம் சும்மா ஒரு புரோக்கரிடம் விலை கேட்டேன். இரண்டு வண்டிக்கும் அவர் சொன்ன விலையில் வித்தியாசம் இரண்டு லட்சம் கூட இல்லை. கூரையைப் பார்க்கவில்லை, சீட்டைத் தொடவில்லை. சுற்றி வந்து கேட்டார்: "அண்ணாச்சி, அந்தப் பெரிய வீலு எங்க?" மில் மச்சில், சாக்குக் கட்டுக்குப் பின்னால் நான்கும் கிடக்கின்றன என்றேன்.