என்விடிஏ: டிராக்குக்கும் டெஸ்க்குக்கும் நடுவே

காலை அஞ்சரைக்கு டிராக், பத்து மணிக்கு ஆபீஸ். எனக்குப் பார்வை இல்லை. பார்வையற்றோருக்கான பாரா ஓட்டப் பிரிவான டி11-இல் கண்ணை மறைத்துக்கொண்டு கைடு ரன்னரோடு ஒரே கயிற்றைப் பிடித்து ஓடுகிறேன், பிழைப்புக்கு இணையதளங்களின் அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளால் அவற்றைப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கிறேன். இரண்டையும் ஓட்ட முடிகிறதென்றால் பாதிக் காரணம், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள்தான்.

2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது, இன்றும் இலவசம். அதைவிடப் பெரிய வசதி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால் போட்டிக்குப் போன ஊரில் யார் விண்டோஸ் லேப்டாப் கொடுத்தாலும் என் செட்டிங்கோடு பேச ஆரம்பித்துவிடும். போன மாதம் ஹாஸ்டல் அறையில், ஓடி வலித்த கால்களை ஐஸ் வாளியில் வைத்தபடி ஒரு ரிப்போர்ட்டை அப்படித்தான் முடித்தேன்.

ஒரு போட்டியின் பதிவுப் படிவத்தில் டேப் கீயைத் தட்டத் தட்ட 'பட்டன், பட்டன்' என்றே சொன்னது. எது சமர்ப்பி, எது ரத்து, தெரியவில்லை. பாரா போட்டிக்கே இந்த லட்சணம்! சரி, அது பட்டனுக்குப் பெயர் வைக்காதவர்கள் தப்பு.

குறை என்றால், கூடவே வரும் இஸ்பீக் தமிழ்க் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். வேகத்தைக் கூட்டினால் ஒரு வாரத்தில் காது பழகிவிடும். மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு என்விடிஏ ஆகாது, விண்டோஸில்தான் ஓடும்.