தாதரில் 20 ரூபாய்க்கு ஒரு கட்டு களை

கோபிப் பக்கம் எங்கள் காட்டில் வெங்காயத்துக்குக் களை எடுக்கும்போது அம்மா பருப்புக்கீரையில் பாதியை வரப்பில் எறிவார், மீதியை மடியில் கட்டிக்கொண்டு வருவார். அதே கீரையை மும்பையில் காசு கொடுத்து வாங்குகிறேன். வருத்தமில்லை.

மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கை, அகத்தி, வாழைப்பூ வரைக்கும் கிடைக்கும். பருப்புக்கீரையை மட்டும் நான் கேட்ட நாளில் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் தாதர் ஸ்டேஷனுக்கு மேற்கே, நடைபாதையில் சாக்கு விரித்துக் காட்டுக்கீரை விற்கும் பெண்களிடம்தான் கிடைக்கிறது. அங்கே மராத்தியில் இதன் பெயர் கோள். "கோள் க்யா, தாஜி ஆஹே" (கோள் வாங்கிக்கோங்க, புதுசு) என்று ஒரு மாவ்ஷி, அதாவது அங்கே கீரை விற்கும் அக்கா, கூப்பிடுவார். கட்டு 20 ரூபாய். பேரம் பேசினால் இன்னொரு பிடியைத் தூக்கிப் போடுவார், விலையைக் குறைக்க மாட்டார்.

காலை ஏழு மணிக்குள் போங்கள். சிவப்புத் தண்டை ஒடித்தால் பட்டென்று உடைய வேண்டும், இலை விரலில் சதையாகத் தட்டுப்பட வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் போனேன், தண்ணீர் தெளித்துத் தெளித்து அடியில் கூழாகியிருந்தது. காலைக் கீரையில் புளிப்பும் கூடுதல். தண்ணீர் பற்றாக்குறையானால் இந்தச் செடி இரவில் மாலிக் அமிலம் என்ற புளிப்பைச் சேர்த்து வைத்துப் பகலில் செலவழிக்கும்; விடியலில் பறித்தது நாக்கில் தெரியும்.

குறை என்றால் மண்தான். மூன்று தண்ணீரில் அலசியும் பாத்திரத்தின் அடியில் மண்ணோடு கசகசா மாதிரி கருப்பு விதையும் நிற்கும். ஒரு முறை கட்டுக்குள் வேறு செடியும் கலந்து வந்தது. தரையோடு படரும் பால்செடி, பார்க்க இதே ஜாடை. தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பருப்புக்கீரையில் பால் வராது.

ஒரு ஆப்பில் இதையே சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், கழுவி, நாலு மடங்கு விலையில் வாங்கிப் பார்த்தேன். திறந்தால் இலை வழவழவென்று, கூடவே ஒரு வாடை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்த மட்டில் சரி.

செய்முறை எங்கள் வீட்டுக் கடைசல்தான். பாசிப்பருப்பு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம், அப்புறம் இளந்தண்டோடு கீரை. மூடாமல் வேகவிட்டு மண்சட்டியில் மத்தால் கடைந்து, கடுகு, வரமிளகாய் தாளிக்க வேண்டும். புளி வேண்டாம், கீரையே போதும். மாவ்ஷி சொன்னபடி மோரில் கடலைமாவு கரைத்து ஊற்றியும் செய்தேன். என் வீட்டுக்காரருக்கு அதுதான் பிடித்தது, எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஒமேகா-3 உள்ள கீரை என்று டாக்டர் மருமகள் புகழ்வாள். ஆனால் ஆக்சலேட்டும் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அடிக்கடி சாப்பிட வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

பிடுங்கி எறிந்த தண்டு ஈரம் பட்டால் மறுபடி வேர்விடும். அம்மாவுக்கு இதன்மேல் இருந்த கோபத்துக்கு அதுதான் காரணம். அந்த நம்பிக்கையில் நானும் பால்கனித் தொட்டியில் நாலு தண்டு நட்டேன். மஞ்சளாகப் பூத்திருக்கிறது, பறித்தால் ஒரு பிடி தேறாது. சனிக்கிழமை தாதருக்குத்தான் போக வேண்டும்.