பழைய இரும்புக் கத்தி: புளியா, வினிகரா, உப்புத்தாளா?

பரணில் கிடக்கும் துருப்பிடித்த கத்தியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துச் சமையல் கத்திகள் பலவும் கார்பன் எஃகு. ஸ்டெயின்லெஸ் கத்தியைவிடச் சீக்கிரம் கூர் ஏறும். துருவும் சீக்கிரம் பிடிக்கும். அலகைத் தேய்த்தே தீர்த்துவிடாமல் துருவை மட்டும் எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேலாகப் படிந்த செந்துருவுக்குப் புளியும் கல்லுப்பும் போதும். பித்தளை விளக்கு தேய்க்கிற அதே பக்குவம். எஃகுக்குச் சேதமில்லை, ஆனால் ஆழமான துருவிடம் புளியின் பாச்சா பலிக்காது. அங்கே வெள்ளை வினிகர்தான். மரப்பிடி நனையாமல், வினிகரில் நனைத்த துணியை அலகில் மட்டும் சுற்றிச் சில மணி நேரம் வையுங்கள். பிரித்தால் துரு கறுப்புச் சேறாக வழிந்து வரும். ராத்திரி முழுக்க விட்டால் வினிகர் நல்ல இரும்பையும் அரிக்கத் தொடங்கும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி அப்போதே துடைக்க வேண்டும்; ஈரமாக விட்டால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும்.

உப்புத்தாள்தான் வேகமான வழி. எனக்கு அது கடைசி வழி. குழிகளைச் சமன் செய்கிறேன் என்று தேய்த்தால் அலகு மெலிந்துவிடும், அதில் பொறித்திருக்கும் பட்டறை முத்திரையும் போய்விடும். குழி இருந்தால் இருக்கட்டும், வெட்டும் விளிம்பில் இல்லாதவரை தொந்தரவில்லை.

அடுத்தது கூர். விளிம்பு பெரிதாக உடைந்திருந்தால் சாணைச் சக்கரம் தேவைப்படும். மற்றபடி தீட்டுகல்லே மேல். காய்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடும்; அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது, இனி கூர் நிற்காது. தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்தால் அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். வீட்டில் 1000 எண் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) தண்ணீர்க் கல்லில், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லில், 15 முதல் 20 டிகிரி சாய்வில், ஒரு பக்கம் தேயுங்கள். மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பலாம். அரிவாள்மணையானால் கல்லைத்தான் அலகுக்குக் கொண்டுபோக வேண்டும்.

புழக்கத்துக்கு வந்த பிறகு ஸ்டெயின்லெஸ் ஜெயிக்கிற இடமும் உண்டு. துரு எடுத்த புதிதில் வெங்காயம் நறுக்கினால் இரும்பு வாடை வரும், வாழைப்பூ கறுத்துப்போகும். வாழைப்பூவுக்கு நான் ஸ்டெயின்லெஸ்தான் எடுப்பேன். நாளாக ஆக அலகில் நீலமும் சாம்பலும் கலந்த படலம் ஏறும், வாடையும் குறையும். அழுக்கென்று அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், துரு சட்டென்று ஏறாமல் காப்பது அதுதான். எலுமிச்சை, தக்காளி நறுக்கினால் மட்டும் உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும்.

எண்ணெயில், அலகுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகிவிடும். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய். அது மரத்துக்குள் இறங்கி இறுகும், தேங்காய் எண்ணெய் இறுகாது. அப்புறம், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்து, நன்றாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.