பனிப்பொழிவுக் காப்புறுதி என்ற பெயரில் விற்கப்படும் ஒப்பந்தம்: பனி அகற்றும் தொழில் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை

ரொறன்ரோ பெரும்பாகத்தில் பிளாசாக்களுக்கும் தொடர்மனைகளுக்கும் பனி அகற்றிக் கொடுக்கும் தொழிலில் நம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். இலையுதிர் காலம் தொடங்கியதும், "பனி அளவுக்கு மீறிக் கொட்டினால் உங்களுக்குப் பணம் வரும்" என்று சொல்லி ஒரு திட்டத்தைச் சில தரகர்கள் இவர்களிடம் கொண்டுவருகிறார்கள். அத்தகைய திட்டம் ஒன்றுக்கு 18,000 டொலர் செலுத்தி, உப்பும் டீசலும் மேலதிக நேரச் சம்பளமும் கைமீறிப்போன ஒரு கடும் பனிக்காலத்தைக் கடந்த பின்னும் ஒரு சதம்கூடக் கிடைக்காதவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். முறைப்பாடு இன்னும் முடிவுக்கு வராததால், சட்டத்தரணியின் ஆலோசனைப்படி தரகரின் பெயரையும் அவருடைய நிறுவனத்தையும் அது எந்தப் பருவம் என்பதையும் குறிப்பிடவில்லை. ஒப்பந்தத்தின் உள்ளமைப்பை விளக்குவதற்கு அவை தேவையுமில்லை.

தொழிலுக்கு வெளியே உள்ளவர்களுக்காக ஒரு விளக்கம். பனி அகற்றும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். முதல் வகையில், வாகனம் வந்து பனியைத் தள்ளும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. இரண்டாவது வகையில், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை எவ்வளவு பனி விழுந்தாலும் ஒரே தொகை. தமது வரவுசெலவு முன்கூட்டியே தெரியவேண்டும் என்பதால் பிளாசா உரிமையாளர்களும் கொண்டோ நிர்வாகங்களும் இரண்டாவது வகையையே விரும்புகிறார்கள். அந்த வகையில் பனி கூடுவதால் வரும் நட்டம் முழுவதும் எங்கள் தலையில் விழும். பியர்சன் விமான நிலையத்தில் 1981 முதல் 2010 வரையான காலத்தின் ஆண்டுச் சராசரிப் பனிப்பொழிவு 108.5 செ.மீ. ஆகும், 2007-08 குளிர்காலத்திலோ அங்கே 190 செ.மீ.-க்கு மேல் விழுந்தது. மறுபுறம், 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிக வெப்பமானது என்ற பெயரை எடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப் போனவர்களிடம், "போன வருஷம் நீங்கள் வரவே இல்லையே, ஏன் இந்த விலை?" என்று கேட்டவர்கள் உண்டு. சராசரியை நம்பி விலை சொல்லிவிட்டு இரட்டிப்புப் பனியை அள்ளவேண்டி வரும் தொழிலில், அந்த ஏற்றத்தாழ்வுக்கு எதிராக ஒரு பாதுகாப்புத் தேடுவது முற்றிலும் நியாயமானது.

அப்படியான பாதுகாப்பு உலகில் இல்லாததும் அன்று. பனி குறைந்தால் வாங்கிய விலையின் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக அறிவித்து, 1983-இலேயே அமெரிக்காவின் டோரோ நிறுவனம் பனித்தள்ளு இயந்திரங்களை விற்றது. அந்த வாக்குறுதியைக் காப்புறுதி செய்தும் வைத்தது. 1998-இல் கியூபெக்கின் பொம்பார்டியே நிறுவனம், அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியில் பனி போதாமல் போனால் பனிவண்டி வாங்கியவர்களுக்கு 1,000 டொலர் திருப்பித் தருவதாகச் சொல்லி, அந்த ஆபத்தை ஒரு வானிலை ஒப்பந்தத்தின் மூலம் வேறொருவருக்கு மாற்றிவிட்டது. சிக்காகோ மேர்க்கண்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற முன்பேரச் சந்தை 2006-இல் பொஸ்ரன், நியூயோர்க் நகரங்களின் பனிப்பொழிவை வைத்து ஒப்பந்தங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்கள் இவற்றை வாங்கும்போது அவற்றின் நிதிப்பிரிவில் ஒவ்வொரு வரியையும் படித்துப் பேரம் பேச ஆட்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற நான்கைந்து வாகனக்காரர்களிடம் வரும்போது அதே பொருள் ஒரு பக்க விளம்பரத் தாளாகச் சுருங்கிவிடுகிறது.

எனக்குக் காட்டப்பட்ட தாளில் இருந்தவை இவ்வளவுதான்: "ரொறன்ரோ பகுதியில்" பருவகாலப் பனிப்பொழிவு 130 செ.மீ.-ஐத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு செ.மீ.-க்கும் 1,500 டொலர் வீதம், உச்சவரம்பாக 60,000 டொலர்வரை வழங்கப்படும். கீழே ஒரு வரைபடம். கடந்த முப்பது குளிர்காலங்களில் எத்தனை முறை இந்தத் திட்டம் பணம் கொடுத்திருக்கும் என்பதை நீலக் கோடுகளால் காட்டிய அந்த வரைபடத்தின்படி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பணம் வந்திருக்கவேண்டும். முழு ஒப்பந்தத்தை முதலில் அனுப்புங்கள் என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். அதற்கு வந்தது தொலைபேசி அழைப்பு. "அண்ணை, அது வெறும் சட்டப் பாசை, நாப்பது பக்கம் இருக்கு. விசயம் எல்லாம் இந்தத் தாளிலேயே இருக்கு. முதலாம் திகதிக்கு முதல் காசு கட்டாட்டில் இந்த வருஷத்துக்குக் கதவு பூட்டியிடுவினம்" என்றார் தரகர். பணம் கட்டிய பிறகு, முதல் பனி விழுந்து சில வாரங்கள் சென்ற பின்னரே முழு ஒப்பந்தம் வந்து சேர்ந்தது.

அந்த நாற்பது பக்கங்களில் இருந்தவற்றை இனிச் சொல்கிறேன், ஏனெனில் ஏமாற்று முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, அளவிடும் இடம். "ரொறன்ரோ பகுதி" என்பது ஒப்பந்தத்தில் பியர்சன் விமான நிலையத்தின் வானிலை நிலையம் என்ற ஒரே புள்ளியாகச் சுருங்கியிருந்தது. விமான நிலையம் இருப்பது மேற்கே மிசிசாகாவில். என்னுடைய வேலைத்தளங்கள் கிழக்கே ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும். ஒரே புயல் ஒரே பெருநகரத்துக்குள் எவ்வளவு வேறுபடும் என்பதை 2022 ஜனவரி 17-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் அறிவார்கள்: அன்று நகர மையத்தில் ஏறத்தாழ 55 செ.மீ. கொட்டியது, விமான நிலையத்தில் பதிவானது அதைவிடக் கணிசமாகக் குறைவு. எல்லைக்கு அப்பால் பஃபலோவில் நிலைமை இன்னும் மோசம். 2014 நவம்பரில் ஈரி ஏரியிலிருந்து எழுந்த பனிப்பட்டை, நகரின் தெற்குப் புறநகர்களில் 150 செ.மீ.-க்கு மேல் குவித்தபோது, சில கிலோமீற்றர் வடக்கே இருந்தவர்கள் வாசலைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். சுட்டெண், அதாவது ஒப்பந்தம் கணக்கில் எடுக்கும் எண், காட்டும் பனிக்கும் உங்கள் வாசலில் விழும் பனிக்கும் இடையிலான இந்த இடைவெளியை இத்துறையினர் 'அடிப்படை இடர்' என்கிறார்கள். விற்கிறவருக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை, ஏனெனில் இந்த வகை ஒப்பந்தத்தின் முதன்மையான குறையே அதுதான்.

இதைவிடப் பெரிய மோசடி அந்த வரைபடத்தில் இருந்தது. அது பியர்சனின் எண்களை வைத்து வரையப்பட்டதே இல்லை. நகர மையத்து நிலையத்தின் எண்களை வைத்து வரையப்பட்டிருந்தது. அந்த நிலையத்தின் 1981-2010 சராசரி 121.5 செ.மீ.; விமான நிலையத்தினுடையது, மேலே சொன்னதுபோல, 108.5. பதின்மூன்று செ.மீ. வேறுபாடு கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். பணம் தொடங்கும் எல்லை 130 என்று இருக்கும்போது, சராசரியிலிருந்து எல்லைக்கு உள்ள தூரம் ஒரு நிலையத்தில் எட்டரை செ.மீ., மற்றதில் இருபத்தொன்றரை. பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும் கனடிய சுற்றுச்சூழல் திணைக்களத்தின் நாளாந்தத் தரவை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் மீண்டும் கணக்கிட்டபோது, பணம் கிடைத்திருக்கக்கூடிய ஆண்டுகள் வரைபடம் காட்டியதில் பாதிக்கும் குறைவாகவே தேறின. பணம் கொடுப்பது ஒரு நிலையத்தை வைத்து, ஆசை காட்டுவது இன்னொரு நிலையத்தை வைத்து என்றால், அதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, எது பனி என்பது. எங்கள் செலவில் பெரும்பங்கு பனியைத் தள்ளுவதில் இல்லை, உப்புப் போடுவதில் இருக்கிறது. உறைமழை விழுந்தால் தள்ளுவதற்கு ஒன்றும் இராது. ஆனால் நடைபாதையில் ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போடாதிருக்க, இரவு முழுவதும் திரும்பத் திரும்ப உப்புப் போடவேண்டும். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் சுமார் மூன்று இலட்சம் மின் இணைப்புகளை இருளில் ஆழ்த்திய பனிக்கட்டிப் புயல், பனிப்பொழிவாக அன்றி உறைமழையாகவே வந்தது. வானிலைப் பதிவில் உறைமழை மழைக் கணக்கில்தான் சேர்க்கப்படும், ஆகவே பனிப்பொழிவுச் சுட்டெண்ணில் அது ஏறாது. ஒப்பந்தத்திலும் அவ்வாறே இருந்தது. என் பருவத்தில் வந்த உறைமழை இரவுகள் உப்புக் கணக்கில் மட்டும் ஏறின. உப்புத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அதன் விலை எப்படி ஏறும் என்பது, ஒன்ராறியோவின் கோட்ரிச் (Goderich) உப்புச் சுரங்கத்தில் 2018-இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகான குளிர்காலத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உப்புக்கு வரிசையில் நின்ற மாகாணம் இது.

மூன்றாவதாக வருவது என்னை நேரடியாக வீழ்த்திய வரி. அரசின் வானிலைப் பதிவில், கருவிக் கோளாறாலோ வேறு காரணத்தாலோ அளவு கிடைக்காத நாட்களுக்கு நேரே 'எம்' என்ற ஆங்கில எழுத்து இடப்படும். பதிவு இல்லை என்பது அதன் பொருள். தானியங்கி நிலையங்கள் பெருகியபின் புதிய பனியின் உயரத்தைத் தனியாக அளக்கும் வழக்கம் பல இடங்களில் குறைந்துவிட்டதால், இந்த எழுத்து அரிதானதும் அன்று. நேர்மையாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், அத்தகைய நாளுக்கு அருகிலுள்ள எந்த மாற்று நிலையத்தின் அளவு எடுக்கப்படும், அதுவும் இல்லையென்றால் எந்த முறையில் மதிப்பிடப்படும் என்பது வரிசைப்படி எழுதப்பட்டிருக்கும். எனக்குத் தரப்பட்டதில், கணக்குத் தீர்க்கும் நாளன்று வெளியிடப்பட்டிராத எந்த அளவும் சுழியமாகக் கொள்ளப்படும் என்றிருந்தது. பருவத்தின் பெரும் புயல்களில் ஒன்று அந்த எழுத்து இடப்பட்ட நாட்களில் விழுந்தது. பதிவேட்டின் கூட்டுத்தொகை 130-ஐ எட்டச் சில செ.மீ. குறைவாக நின்றது. ஊர் முழுவதும் பார்த்த பனி, பாடசாலைப் பேருந்துகளை நிறுத்திய பனி, கணக்கில் மட்டும் விழவில்லை.

பணம் இல்லை என்ற கடிதம் வந்ததும் காப்புறுதி முறைப்பாட்டு வழிகளை நாடினேன். அங்கேதான் நான்காவது விடயம் வெளிவந்தது. இந்தப் பத்திரம் காப்புறுதியே இல்லை. வழக்கமான காப்புறுதியில் உங்களுக்கு உண்மையில் நட்டம் ஏற்பட்டிருக்கவேண்டும், அந்த நட்டத்தின் அளவுக்கே ஈடு கிடைக்கும். என்னிடம் இருந்ததோ, நட்டத்தோடு சம்பந்தமில்லாமல் ஓர் எண்ணின் மேல் இரு தரப்பினர் செய்துகொள்ளும் வானிலை ஒப்பந்தம். வங்கிகளும் எரிசக்தி நிறுவனங்களும் தமக்குள் பயன்படுத்தும் 'இஸ்டா' மாதிரியில் எழுதப்பட்டு, வேறொரு நாட்டின் சட்டத்துக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. பொதுக் காப்புறுதிக் குறைகேள் சேவைக்குக் காப்புறுதி நிறுவனங்களுடனான பிணக்கைத்தான் கொண்டுபோகலாம். இங்கே எதிர்த்தரப்பு காப்புறுதி நிறுவனமே இல்லை. எனக்கு அந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணம் தரகர் விற்ற முறை. பிளாசா உரிமையாளர்கள் கட்டாயமாகக் கேட்கும் பொறுப்புக் காப்புறுதியின் புதுப்பிப்பையும் இதையும் ஒரே கடிதத் தலைப்பில், ஒரே விலைச்சீட்டில், "காப்புறுதித் தொகுதி" என்ற பெயரில் தந்திருந்தார். தரகருடைய நடத்தை பற்றிய முறைப்பாட்டை மட்டும் ஒன்ராறியோவின் பதிவுபெற்ற காப்புறுதித் தரகர்களை ஒழுங்குபடுத்தும் ரைபோ அமைப்பு பெற்றுக்கொண்டிருக்கிறது.

நியாயமான விலையில், நியாயமான விதிகளோடு இத்தகைய பாதுகாப்பை விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இந்த அலைச்சலில் அறிந்துகொண்டேன். சுட்டெண் வகைக் காப்புறுதியை உரிமம் பெற்ற காப்புறுதி நிறுவனமே வழங்குவதுண்டு. ஒரு நிலையத்துக்குப் பதிலாகப் பல நிலையங்களின் சராசரியை எடுப்பதுண்டு. மொத்தச் செ.மீ.-க்குப் பதிலாக, ஐந்து செ.மீ.-க்கு மேல் விழுந்த நாட்களின் எண்ணிக்கையை வைத்து எழுதுவதுமுண்டு. எங்கள் வாகனங்கள் புறப்படுவது நாள் கணக்கில் என்பதால் இது செலவோடு கூடுதலாக ஒத்துப்போகும் என்பது என் கருத்து. எதை வாங்குவதானாலும், அளவிடும் நிலையத்தின் பெயர், விடுபட்ட நாட்களுக்கான விதி, உறைமழை எங்கே சேரும் என்பது, பணம் தரவேண்டியவர் யார், அவர் எந்த உரிமத்தின் கீழ் எந்த நாட்டின் சட்டப்படி கட்டுப்பட்டவர் ஆகிய அனைத்தும் பணம் கட்டுமுன் எழுத்தில் உங்கள் கையில் இருக்கவேண்டும். பழைய ஆண்டுகளின் வரைபடம் காட்டினால், அது ஒப்பந்தத்திலுள்ள அதே நிலையத்தின் தரவா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தொலைபேசியில் வந்தால் அந்த ஒன்றையே காரணமாக வைத்து விலகிக்கொள்ளலாம். முடிந்தால் வாடிக்கையாளருடனான ஒப்பந்தத்திலேயே, இத்தனை செ.மீ.-க்கு மேல் போனால் மேலதிகக் கட்டணம் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுவது இவை எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு. சில உரிமையாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

இதே மாதிரியான தாளைக் காட்டி, "ரொறன்ரோ பகுதி" என்ற சொற்களோடு விற்கப்பட்ட ஒப்பந்தம் உங்களிடமும் இருந்தால், விளம்பரத் தாளையும் வரைபடத்தையும் மின்னஞ்சல்களையும் அழித்துவிடாதீர்கள். தொலைபேசியில் பேசியவற்றை நாள் குறித்து எழுதிவையுங்கள். ஒன்ராறியோவில் வழக்குத் தொடுப்பதற்கான பொதுவான காலவரம்பு, குறையை அறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். ஒப்பந்தத்தில் வெளிநாட்டுச் சட்டம் குறிப்பிடப்பட்டிருந்தால் அந்தக் கணக்கு மாறக்கூடும் என்பதால், பருவம் முடியும்வரை காத்திராமல் இப்போதே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.