லலித்பூரில் ஒரு பழைய குக்ரிக் கடை

காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் லலித்பூரில் நான் சென்ற பழம்பொருள் கடையில், சுவர் நிறையத் தொங்கிய குக்ரி எனும் நேபாள வளைகத்திகளில் பெரும்பாலானவை செயற்கையாகத் துருவேற்றப்பட்ட புதிய கத்திகளே என்பது என் கணிப்பு. அலகு முழுவதும் ஒரே சீராகப் படிந்த கருமையும், சற்றும் தேயாத கைப்பிடி விளிம்புகளும் அதைக் காட்டிக்கொடுத்தன. ஆயினும், கடைக்காரர் உள்ளிருந்து எடுத்துவந்த ஒன்று வேறு தரத்தது: அலகின் முதுகில் தேவநாகரி எழுத்துகள் பொறிக்கப்பட்டு, பிடிக்கு அருகே கௌடி எனப்படும் வெட்டுப்பள்ளம் கையால் அராவப்பட்டதற்கேற்பச் சற்றே கோணலாக இருக்க, கர்தா என்னும் சிறுகத்தியும் சக்மக் என்னும் தீட்டுகோலும் உடனிருந்ததால், நேபாளத்தை ஆண்ட ராணா குடும்பப் பிரதமர்களின் காலத்து (1846–1951) ஆயுதம் என்று நம்பத் தோன்றியது. உறை மட்டும் புதியது. அதை அவரே ஒப்புக்கொண்டார். பழம்பொருள்களை நேபாளத்திலிருந்து வெளியே கொண்டுசெல்லத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பதை, நான் கேட்கும்வரை அவர் சொல்லாதது பெருங்குறை.