தண்டர்பேர்டு 500-இல் 535 பேரல், பிஸ்டன்: வீட்டிலேயே பூட்டி ஓட்டிப் பார்த்தது

என்னுடையது 2013 மாடல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 500, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன வருஷம் காலையில் ஸ்டார்ட் பண்ணினாலே சைலன்சரில் நீலப் புகை, ஆயில் ஊற்றி மாளவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டன் ஏறி இறங்குகிற பேரலுக்குள் நகம் வைத்தால் தட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. ரீபோர் அடித்து, அதாவது பேரலைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாலே சரியாகிற வேலைதான். ஆனால் எப்படியும் பேரலுக்குச் செலவு என்று ஆகிவிட்டது, அதனால் அதே கம்பெனியின் கான்டினென்டல் ஜி.டி.யில் வந்த 535 பேரலையும் பிஸ்டனையுமே போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

கணக்கு ரொம்ப எளிது. பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், அதாவது ஸ்ட்ரோக், ரெண்டு எஞ்சினுக்கும் 90 மில்லிமீட்டர்தான். பேரலின் உள்விட்டம், அதாவது போர், 500-க்கு 84, ஜி.டி.க்கு 87. அந்த மூணு மில்லிமீட்டரில் 499 சிசி 535 ஆகிறது. கம்பெனி கொடுத்த கணக்கில் 500-க்கு சக்தி 27.2 பி.எச்.பி., இழுவை (டார்க்) 41.3 நியூட்டன் மீட்டர், ஜி.டி.க்கு 29.1, 44. ரெண்டு குதிரை சக்திகூட முழுசாகக் கூடவில்லை பாருங்கள். டாப் ஸ்பீடுக்காக இதைப் போடலாம் என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

செட்டை ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். பேரல், பிஸ்டன், ரிங் எல்லாம் நல்ல சரக்கு. பேரலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற ஹெட் கேஸ்கட்டில்தான் கோளாறு. போல்ட் ஓட்டை எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது, யாருக்கும் சந்தேகமே வராது. எதற்கும் பார்ப்போம் என்று டார்ச் அடித்து மேலிருந்து குனிந்து பார்த்தேன், பேரல் வாயைச் சுற்றி ஒன்றரை மில்லிமீட்டருக்கு வளையம் மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. 84 கேஸ்கட்டை 87 பேரலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்! அப்படியே பூட்டியிருந்தால் அந்த விளிம்பு சூட்டில் பழுத்து, பிளக் அடிப்பதற்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்றவைத்திருக்கும், பிஸ்டன் தலை ஓட்டையாகிப் போயிருக்கும். போன் பண்ணினால் "பிட்டிங் ஒண்ணுதானே சார்" என்கிறார்கள். மாற்றியும் தரவில்லை. சரியான கேஸ்கட்டைக் கோயம்புத்தூரில் தனியாக வாங்கினேன்.

பேரலை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துக்கு எடுத்துப் போனேன். பெரும்பாலும் பம்ப் ஷாஃப்ட் வேலை பார்க்கிற இடம். புதுப் பேரல்தானே, எதற்கு அளக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அந்த அண்ணன் விடவில்லை. "புதுசுன்னா அளவு இருக்கும்னு யாருங் தம்பி சொன்னாங்க?" என்று போர் கேஜை விட்டு மேலே, நடுவில், கீழே என்று மூணு இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் நேராக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை பார்த்தார். பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்துவிட்டு, பேரலின் உள்சுவரை லேசாக ஹோன் பண்ணி (உரசிப் பதப்படுத்தி)க் கொடுத்தார். ரிங் கேப்பையும், அதாவது பிஸ்டன் ரிங்கின் ரெண்டு முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியையும், அங்கேயே பார்த்தோம். போர் ஒரு அங்குலத்துக்கு நாலு தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது பழைய கணக்கு, 87 மில்லிமீட்டருக்கு 0.35 மில்லிமீட்டர் பக்கம் வரும். மேல் ரிங் அதைவிட நெருக்கமாக இருந்தது, அரத்தில் ரெண்டு இழுப்பு இழுத்து மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தோம். அவர் கேட்ட கூலியை நினைத்தால் எனக்கே சங்கடமாக இருந்தது, அவ்வளவு குறைவு. இந்த வேலையில் மொத்தமாக நான் அதிகம் மதிப்பது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான்.

வீட்டில் பூட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் காங்கேயம் பக்கம், தோட்டத்துச் சாளையில்தான் வேலை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று எங்கள் பக்கம் எவ்வளவு புழுதியைக் கொண்டுவரும் என்று தெரியாதவர்கள் இல்லை. எஞ்சின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் உட்கார முடியாது. விடியக்காலம் நாலு மணிக்குத் தரையில் தண்ணீர் தெளித்து, வண்டிக்கு மேலே கொசுவலையைக் கட்டி, அதற்குள் உட்கார்ந்து பூட்டினேன். பிஸ்டன் பின்னைப் பிடித்து வைக்கிற சர்க்ளிப் போடும்போது கிரேங்க் கேஸ் வாயில் துணி அடைத்துவிடுங்கள், உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போச்சு.

இந்த எஞ்சினில் வால்வை இயக்குகிற டேப்பட் (லிஃப்டர்) ஹைட்ராலிக், அதாவது உள்ளே ஆயில் நிரம்பி வேலை செய்வது. ஹெட்டையும் ராக்கரையும் டைட் பண்ணியவுடனே ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கிவிடக் கூடாது. லிஃப்டருக்குள் இருக்கிற ஆயில் மெதுவாக இறங்கி வருகிற வரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் வால்வைத் தள்ளுகிற கம்பியான புஷ்ராட் வளையும். நான் ஒரு மணி நேரம் விட்டு, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, எங்கேயும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினேன். போல்ட்டை அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், கைப்பழக்கம் இதற்கு உதவாது.

அப்புறம் பெட்ரோல் விஷயம். போர் பெரிதானதில் காற்று ஏழு சதவீதம் கூடுதலாகப் போகிறது, ஆனால் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற கம்ப்யூட்டரான இ.சி.யு. இன்னும் பழைய 499 கணக்கிலேயே பெட்ரோல் விடுகிறது. முதல் வாரம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளுத்திருந்தது, பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அடையாளம். பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக் என்கிற கருவியைப் போட்டு, மேப்பைக் கொஞ்சம் ரிச் ஆக்கிய (பெட்ரோல் அளவைக் கூட்டிய) பிறகு பிளக் காப்பி நிறத்துக்கு வந்தது, எஞ்சின் சூடும் தணிந்தது. இந்தச் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். மொத்தத்தில் ரீபோர் பண்ணியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் ஆனது.

எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் அறுபதைத் தாண்டவில்லை, அதோடு ஆயிலை மாற்றினேன். ஹைவேயில் எண்பது, தொண்ணூறில் பழைய வண்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டேன். வித்தியாசம் திம்பம் மலைப்பாதையில் தெரிந்தது. பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசி வளைவு, முன்னால் கரும்பு லாரியோ கல் லாரியோ ஊர்ந்துகொண்டே இருக்கும். முன்னெல்லாம் வளைவில் செகண்டுக்கு இறக்கி முறுக்கினால்தான் வண்டி எழும். இப்போது பின்னால் ஆள், பை எல்லாம் இருந்தும் நிறைய வளைவில் மூணாவது கியரிலேயே உதறாமல் இழுத்துக்கொண்டு போகிறது. குரூசர் வண்டி எனக்கு இந்த இழுவைக்காகத்தான். மைலேஜ் ஒரு கிலோமீட்டர் குறைந்திருக்கும். புகை சுத்தமாக நின்றுவிட்டது, ஆயில் அடுத்த சர்வீஸ் வரை அப்படியே நிற்கிறது.

சைலன்சரை மாற்றவில்லை, மாற்றுகிற எண்ணமும் இல்லை. இன்னொன்று, ஆர்.சி.யில் சிசி எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இந்த மாதிரி மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். நான் பேரலை வாங்கிய பிறகுதான் போய் விசாரித்தேன், அது தப்பு. நீங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தைப் போடுங்கள்.

உங்கள் பேரல் நன்றாக இருந்தால் இதற்காகத் திறக்க வேண்டாம். தேய்ந்து போய் எப்படியும் திறக்கத்தான் வேண்டும் என்றால் தைரியமாகப் போடலாம். அந்த 84 கேஸ்கட் பூட்டாமல் புதுசாகவே என்னிடம் இருக்கிறது. ஸ்டாக் 500 வைத்திருக்கிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்க, காசு வேண்டாம், காங்கேயம் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.